ரெண்டாக்கிக் குடு

பன்னிரண்டு ஆட்டுக்குட்டிகளும் ஐந்து நாளில் செத்தன.

முதல் இரண்டு செத்த அன்றே ஐடா ஆண்டர்சன்பேட்டைக்குப் போனாள். டைட்டஸின் கடையில் மாட்டு மருந்தும் கோழித் தீவனமும் விற்றார்கள். அவர் ஒரு காலத்தில் எங்கோ கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ஊரில் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். குட்டிகளைப் பக்ரீதுக்குள் கொழுக்க வைக்கும் மஞ்சள் பவுடரை ஐடாவுக்கு விற்றது அவர்தான். தீவனத்தில் கலந்துவிட்டால் நோயும் வராது, சதையும் வைக்கும் என்றார்.

"ரெண்டு போயிடுச்சிண்ணா," என்றாள் ஐடா. "மீதி அசை போடமாட்டேங்குது. வயிறு கல்லு மாதிரி கீது."

"பவுடர் குடுக்கிறியா?"

"நீங்க சொன்ன மாதிரிதான். ஒரு ஸ்பூன்."

"பத்தல. ரெண்டாக்கிக் குடு."

அவள் ரெண்டாக்கிக் கொடுத்தாள். மீதிப் பத்தும் செத்தன.

ஞாயிற்றுக்கிழமை கலீல் பாய் வந்தார். பக்ரீதுக்கு ஆடு வாங்கி பெங்களூருக்கு அனுப்புகிறவர். பன்னிரண்டையும் தானே எடுத்துக்கொள்வதாகப் பேசியிருந்தார். ஆராதனை முடிந்து, கோயில் விட்டு ஜனங்கள் போய்க்கொண்டிருந்த நேரம். டைட்டஸின் கடை வாசலில் நின்றிருந்த ஐடாவிடம், என்ன ஆயிற்று என்று கேட்டார். ஐடா வாயைத் திறப்பதற்குள் டைட்டஸ் சொன்னார்.

"சயனைட் மேட்டுல ஓட்டி மேய விட்டா ஆடு இன்னா பண்ணும் பாய்? கொழுக்குமா?"

நாலு பேர் சிரித்தார்கள். கலீல் பாய் சிரிக்கவில்லை. ஐடாவின் கையைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த சாம்பல் நிற மேடு, ஐடா குடியிருக்கும் ஊரிகம் லைன் வீடுகளுக்குப் பின்னால் நிற்கிறது. தங்கத்தைப் பிரிக்கச் சயனைட் போடுவார்கள். அதனால் இந்த ஊரில் எந்த ஆடு செத்தாலும் அந்த மேட்டைக் காட்டிவிடலாம். யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஐடாவின் குட்டிகள் அந்த மேட்டைப் பார்த்ததே இல்லை. அதற்கு அத்தாட்சி இருந்தது. அவள் புருஷன் வால்டர் இருபத்தாறு வருஷம் பேங்க்ஸ்மேன். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில் நின்று, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறுகிறவர்களை எண்ணி, மணி அடித்துக் கீழே இறக்குகிற வேலை. கீழே போகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பித்தளை டோக்கன் பலகையில் தொங்கும். மேலே வந்ததும் கழற்றிவிடுவார்கள். வால்டர் நுரையீரல் கெட்டு வேலையை விட்டு வந்தபின், பழைய இரும்புக்காரனிடம் பன்னிரண்டு டோக்கன் வாங்கி வந்தான். பட்டியின் கதவுக்குப் பக்கத்தில் பலகை அடித்தான். குட்டி உள்ளே இருந்தால் டோக்கன் தொங்கும். வெளியே போனால் கழற்ற வேண்டும். எழுபத்தோரு நாளில் ஒரு டோக்கனையும் அவன் கழற்றவில்லை.

"கம்பவுண்டர் கிட்ட வந்து சொல்லுங்க," என்றாள் ஐடா.

"இன்னான்னு சொல்றது? பித்தளையை இஸ்துக்கினு போய் காட்டவா?" வால்டர் இருமி முடிக்க ஐடா காத்திருந்தாள். "விடு ஐடா. டோக்கனை எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க."

டோக்கன்கள் தொங்கின.

கடைசிக் குட்டியின் வயிற்றை அவள் புதைக்கவில்லை. பாலிதீனில் சுற்றி, வால்டர் ஷிப்டுக்கு எடுத்துப்போன சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடிக் கோலாருக்குப் பஸ் ஏறினாள். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனம்மா இது?" என்ன இது என்று கன்னடத்தில் கேட்டான்.

"வீட்டுக்காரர் சாப்பாடு."

அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

கோலார் கால்நடை ஆஸ்பத்திரியில் நேத்ரா என்ற டாக்டர் இருந்தாள். சின்ன வயது. தமிழும் கன்னடமும் கலந்து பேசினாள். ஐடா மஞ்சள் பவுடரைக் காட்டி, இரண்டாக்கிக் கொடுத்ததையும் சொன்னாள். டப்பாவைத் திறந்து, கையுறை போட்டு, வயிற்றைக் கீறினாள். உள்ளே இருந்த தீவனம் கொடுத்தபடியே கிடந்தது. எதுவும் செரிக்கவில்லை.

"எத்தனை நாள்ல செத்தது?"

"அஞ்சு நாளு."

"சயனைட்னா அஞ்சு நிமிஷம் போதும்." நேத்ரா கையுறையைக் கழற்றினாள். "நோடம்மா, ஆட்டு வயித்துல கோடிக்கணக்கா கிருமி இருக்கு. நல்ல கிருமி. புல்லைச் செரிக்க வைக்கிறது அதுதான். நீங்க குடுத்தது ஆன்டிபயாட்டிக். அது கெட்டது எது நல்லது எதுன்னு பாக்காது. எல்லாத்தையும் கொன்னுடும். கொஞ்சமா குடுத்தாலே தப்பு. நீங்க ரெண்டாக்கிட்டீங்க."

"ஆக்கச் சொன்னாங்க."

"யாரு?"

"எழுதிக் குடுக்கிறீங்களா? பேரோட?"

"பேர் எழுத முடியாதம்மா. நான் பாத்ததைத்தான் எழுத முடியும்."

வாய்வழியாகக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கால் செரிமானம் நின்று செத்தது, சயனைட் விஷத்தின் அறிகுறி இல்லை என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஐடா அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"பவுடர் இல்லாம எப்படிக் கொழுக்க வைக்கிறது?"

நேத்ரா நாற்காலியைக் காட்டினாள். பூண்டு, ஓமம், வேப்பிலை, மஞ்சள் என்று சொன்னாள். எவ்வளவு, எப்படி உலர்த்துவது, எதோடு கலப்பது என்று ஒரு தாளில் எழுதினாள். ஈஸ்ட் வேண்டும் என்றாள், அது கிடைக்காவிட்டால் கள்ளின் அடியில் தங்கும் மண்டி. தொட்டியைத் தினமும் கழுவ வேண்டும், படுக்கிற இடம் காய்ந்திருக்க வேண்டும்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. இது மருந்து இல்லை. நோய் வராம கொஞ்சம் தள்ளி வைக்கும், அவ்வளவுதான். கழிச்சல்ல ரத்தம் வந்துட்டா இதை நம்பி உக்காரக் கூடாது. அன்னைக்கே இங்க வாங்க. அதுக்கு வேற மருந்து இருக்கு."

ஐடா சரி என்றாள்.

சீட்டைக் கலீல் பாயிடம் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"நான் நம்பறேம்மா. ஆனா எங்கிட்ட வாங்கறவன் சீட்டைப் படிக்கமாட்டான். குர்பானிக்குக் குடுக்கிற ஆடு. ஒரு குறை இருக்கக் கூடாது. கம்பவுண்டர் வாயால சொன்னது பெங்களூர் வரைக்கும் போயிருக்கு. அவரு வாயாலதான் திரும்பணும்."

அந்த வருஷம் கலீல் பாய்க்கு ஆடு கொடுத்தது டைட்டஸ். கடைக்குப் பின்னால் பட்டி போட்டு இருபது குட்டி கட்டியிருந்தார்.

லைன் குழாயடியில் ஐடாவுக்குப் பெயர் வைத்தார்கள். சயனைட் ஐடா. அவள் குடம் வைத்தால் ரத்தினம்மா தன் குடத்தைத் தள்ளி வைத்து, "கலந்துடப் போவுது" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். ஐடா குடம் நிறையும்வரை நிற்பாள்.

டிசம்பரில் அவள் தையல் மெஷினை விற்றுப் பன்னிரண்டு குட்டி வாங்கினாள்.

வால்டர் பலகையைப் பார்த்தான். "வேற டோக்கன் வாங்கணும்."

"எதுக்கு? இதான் கீதே."

"செத்தவன் டோக்கனை அடுத்தவனுக்குக் குடுக்கமாட்டோம். எந்த ஷாஃப்ட்லயும் குடுக்கமாட்டாங்க. தெரியும் இல்ல உனக்கு?"

"தெரியும். இது அடுத்தது இல்ல. அதே பன்னெண்டுதான்."

வால்டர் குட்டிகளின் கழுத்தில் நம்பர் கட்டினான்.

காலையில் மைன்ஸ் சங்கு ஊதும்போது எழுந்து பூண்டு இடித்தாள். பூண்டு கூடினால் குட்டிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. குறைத்தாள். வேப்பிலையை நிழலில் உலர்த்திப் பொடித்தாள். ஓமத்தை வறுக்காமல் போட்டாள். கடலைப் பிண்ணாக்கு, கொள்ளுப் பொட்டு, ராகித் தவிடு. வாரம் இரண்டு நாள் கள்ளுக்கடைக்குப் போய் மண்டி வாங்கினாள். கடைக்காரன் முதல் நாள் பல்லைக் காட்டினான்.

"யாருக்கு சிஸ்டர்? சர்ச் ஐயருக்கா?"

"உங்கப்பனுக்கு. ஊத்து."

சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்றாள். வால்டர் அவள் எடையைக் கழித்துச் சொன்னான். பவுடர் தின்ற குட்டிகளைவிட ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ குறைவாகத்தான் இருந்தன. ஆனால் பன்னிரண்டும் அசை போட்டன. அந்தச் சத்தம் சமையலறை வரை கேட்டது.

ஜனவரி போயிற்று. பிப்ரவரி பாதி போயிற்று. குட்டிகளின் முதுகில் கை வைத்தால் எலும்பு தட்டவில்லை. கலீல் பாய் வரவில்லை. பக்ரீது மார்ச் ஆறு. அதற்குள் டைட்டஸ் வாய் திறக்காவிட்டால் பன்னிரண்டும் சயனைட் ஆடுதான். விலை போகாது. தையல் மெஷினும் திரும்பாது.

பிப்ரவரி நடுவில் மழை பெய்தது. பருவமில்லாத மழை. மூன்று நாள் விடாமல் தூறியது. ஐடா படுக்கையைத் தினம் இரண்டு தடவை மாற்றினாள். ஆண்டர்சன்பேட்டைப் பட்டிகளில் குட்டிகள் கழியத் தொடங்கின.

இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை மத்தியானம், டைட்டஸ் ஊரிகத்துக்கு வந்தார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். பட்டியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"இன்னாமா ஐடா. நல்லா வளந்து கீது."

"மேட்டுல மேயுது. அதான்."

வால்டர் கட்டிலில் இருந்தபடியே இருமினான். அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

ஐடா உட்காரச் சொல்வாள் என்று டைட்டஸ் எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை.

"எனக்கு நேத்து மூணு போச்சி. இன்னிக்குக் காலைல ஒண்ணு."

"கழிச்சலா?"

"ரத்தமா போவுது."

"பவுடர் குடுக்கலியா?"

"குடுத்தேன். கேக்கலை."

"ரெண்டாக்கினீங்களா?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"நீ இன்னாமோ மூலிகை போடறியாமே. பேட்டை முழுக்கக் கழியுது, உனுது ஒண்ணும் ஆவலை. கொஞ்சம் குடு. வெலையைச் சொல்லு."

"கோலார் ஆஸ்பத்திரிக்குப் போவலியா?"

அவள் அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் முகத்தைக் கவனித்தாள்.

"அந்த டாக்டரம்மா மொதல்ல என் பவுடரைத்தான் கேப்பாங்க. லைசென்ஸ் எங்கன்னு கேப்பாங்க. அதெல்லாம் வாணாம். நீ குடு."

"குடுக்கிறேன்," என்றாள் ஐடா. "ஞாயித்துக்கெழமை."

"ஞாயித்துக்கெழமையா? அதுக்குள்ள எத்தனை போவும்னு தெரியுமா?"

"எனக்குப் பன்னெண்டு போச்சி."

டைட்டஸ் வால்டரைப் பார்த்தார். வால்டர் கூரையைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கெழமை கலீல் பாய் கடைக்கு வருவாரு," என்றாள் ஐடா. "கோயில் விடற நேரம். அன்னிக்கு நின்ன அதே எடத்துல நில்லுங்க. என் குட்டி மேட்டுல மேயலைன்னு சொல்லுங்க. உங்க பவுடர்ல செத்துச்சின்னு சொல்லுங்க. ரெண்டாக்கச் சொன்னது நீங்கதான்னு சொல்லுங்க. அப்பால குடுக்கிறேன்."

"இப்ப குடு. ஞாயித்துக்கெழமை சொல்றேன். சத்தியமா."

"டோக்கன் இல்லாம கேஜ்ல ஏத்தமாட்டாரு எங்க வீட்டுக்காரரு. கேட்டுப் பாருங்க."

டைட்டஸ் குடையை எடுத்துக்கொண்டு போனார். விரிக்காமலே தூறலில் நடந்தார்.

வெள்ளிக்கிழமை ஐந்து செத்தன. ரத்தினம்மா குழாயடியில் சொன்னாள். சயனைட் என்ற சொல்லை அன்று அவள் எடுக்கவில்லை.

மத்தியானம் வால்டர் சட்டையை மாட்டினான்.

"எங்க?"

"ரத்தம் வந்தா நம்ப பொடி கேக்காதுன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்கன்னு நீதான் சொன்னே. அதுக்கு வேற மருந்து கீதுன்னும் சொன்னே. போய் அந்தாளு கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன். லைசென்ஸ் இல்லாங்காட்டி, நம்ப பேர்ல வாங்கிக் குடுக்கலாம்."

ஐடா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"போங்க," என்றாள். "போனா அங்கியே சாப்ட்டுக்குங்க. அங்கியே படுத்துக்குங்க."

வால்டரின் மூச்சு விசிலடித்தது. பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

சனிக்கிழமை மூன்று செத்தன.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஐடா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பிரசங்கம் மைன்ஸ் மூடுவதைப் பற்றியது. புதன்கிழமையோடு கடைசி ஷிப்ட். ஜனங்கள் அழுதார்கள். ஐடாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. கடை வாசலில் எந்த இடத்தில் தான் நின்றிருந்தாள் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலீல் பாய் கடை வாசலில் இருந்தார். இந்த வருஷமும் டைட்டஸ் அவருக்காகக் கட்டியிருந்த இருபதில் எட்டு மிச்சம். அதில் இரண்டு எழுந்து நிற்கவில்லை. கோயில் விட்டு வந்தவர்கள் வழக்கம்போல் தேங்கினார்கள். ஐடா போய் அதே இடத்தில் நின்றாள். பையைக் காலடியில் வைத்தாள்.

டைட்டஸ் கல்லாவுக்குப் பின்னாலிருந்து பேசத் தொடங்கினார்.

"இங்க வந்து சொல்லுங்க," என்றாள் ஐடா.

அவர் வெளியே வந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"பாய், போன வருஷம் இந்தம்மா ஆட்டைப் பத்தி ஒண்ணு சொன்னேன்."

"சொன்னீங்க."

"அது தப்பு. மேட்டுல மேயல."

"அப்ப எதனால செத்துச்சி?"

டைட்டஸ் ஐடாவைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"என் பவுடர்ல."

"இன்னும் கீது," என்றாள் ஐடா.

"ரெண்டாக்கிக் குடுன்னு நான்தான் சொன்னேன்."

"சத்தமா."

"நான்தான் சொன்னேன்!"

யாரும் சிரிக்கவில்லை. ரத்தினம்மா கூட்டத்தில் இருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கலீல் பாய் டைட்டஸின் பக்கம் திரும்பினார்.

"ஒரு வருஷம், கம்பவுண்டர்," என்றார். "ஒரு வருஷம் அந்தப் பேச்சை நானும் தூக்கிக்கினு திரிஞ்சேன்."

பிறகு ஐடாவிடம், "சாயங்காலம் வந்து பாக்கறேம்மா," என்றார்.

ஐடா பையை எடுத்து டைட்டஸிடம் கொடுத்தாள். இரண்டு படி இருக்கும். அவர் கையை விட்டுப் பார்த்தார். மஞ்சள் விரலில் ஒட்டியது.

"எப்படிக் குடுக்கிறது?"

"காலைல ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி."

"கேக்கலைன்னா?"

"ரெண்டாக்கிக் குடு."

டைட்டஸின் கை பைக்குள்ளேயே நின்றது. அவர் அவளைப் பார்த்தார். வருஷக் கணக்கில் மருந்து விற்றவர். அந்த முகத்தில் எதையோ படித்திருக்க வேண்டும். ஆனாலும் பையின் வாயைச் சுருக்கிக் கட்டி, உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு வேறு வழி இல்லை.

சாயங்காலம் கலீல் பாய் வந்தார். குட்டிகளின் பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார். பன்னிரண்டையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். போகும்போது பலகையைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். வால்டர் விளக்கினான். அன்றைக்கு அவன் அதிகம் பேசியது அதுதான்.

வியாழக்கிழமை காலை சங்கு ஊதவில்லை. ஐடா தானாகவே எழுந்தாள். லைனில் எல்லாரும் எழுந்து, வாசலில் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்கு லாரி வந்தது. வால்டர் பட்டிக் கதவருகே நின்றான். ஒவ்வொரு குட்டியாக நம்பர் சொல்லி வெளியே விட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு டோக்கனைக் கழற்றினான். பன்னிரண்டும் ஏறியதும் தகரத் தொட்டியில் கம்பியால் மூன்று முறை தட்டினான். ஆள் ஏறினால் ஷாஃப்டில் அப்படித்தான் மணி அடிப்பார்கள். லாரி கிளம்பியது.

டோக்கன்களை ஐடாவிடம் நீட்டினான்.

"இப்ப போதுமா?" என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

பத்து மணிக்கு ஜெயசீலி வந்தாள். டைட்டஸின் மனைவி. கையில் அந்தப் பை, காலியாக, மடித்து. பேட்டையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். செருப்பெல்லாம் சேறு.

"நீ சொன்ன மாதிரியே குடுத்தாரு," என்றாள். "செவ்வாக்கெழமை ரெண்டாக்கினாரு. இன்னும் கொஞ்சம் வாங்கியாரச் சொன்னாரு."

"எத்தனை கீது?"

"ஒண்ணு."

ஐடா பையை வாங்கி, உதறி, மறுபடி மடித்தாள்.

"பொடி கீது. தரேன். ஆனா ரத்தம் வந்துட்டா இது கேக்காது. கோலார் ஆஸ்பத்திரியில நேத்ரான்னு டாக்டரம்மா கீறாங்க. அவங்க கிட்ட அதுக்கு வேற மருந்து கீது. பதினொண்ணுக்குப் பஸ்ஸு."

உள்ளே வால்டர் இருமுவது நின்றது.

"இது உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?" என்றாள் ஜெயசீலி.

"போன வருஷத்திலிருந்து."

ஜெயசீலி பையை வாங்கவில்லை. திரும்பி நடந்தாள். கோலார் பஸ் நிற்கிற பக்கமா, பேட்டைப் பக்கமா என்று ஐடா எட்டிப் பார்க்கவில்லை. டோக்கன்களை ஒவ்வொன்றாகப் பலகையில் திரும்ப மாட்டினாள். பிறகு தொட்டியைக் கவிழ்த்துக் கழுவ உட்கார்ந்தாள்.